துணி ஏறிய துறைமுகங்களில் ஏற்றப்பட்ட மனிதர்கள்

கடல் கடந்த தமிழர்கள் என்று பேச்செடுத்தால் நம் நினைவு இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்குப் போனது ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் கூலிகளாகப் போனவர்கள் இன்னொன்று. நடுவில் 800 ஆண்டுகள் கிடக்கின்றன. அதற்குள்தான் 17ஆம் நூற்றாண்டு வருகிறது. பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாக விலைபேசி ஏற்றுமதி செய்யப்பட்ட நூற்றாண்டு அது.

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்துதான் தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆனால் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்கள் அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்பே அந்த நாட்டின் தென்முனையில் இருந்தார்கள். டச்சுக்காரர்களின் வீடுகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். அவர்கள் யாருடைய குடும்ப வரலாற்றிலும் இல்லாமல் போனது எப்படி? அவர்களைப் பற்றி இன்று ஏதாவது தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் வணிகக் கணக்கேடுகளைப் பொறுமையாகப் படித்த சில வரலாற்றாசிரியர்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சின்னப்பா அரசரத்தினம். 1930-இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். இலங்கையிலும் மலாயாவிலும் கற்பித்துவிட்டு, பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1998-இல் காலமானார். டச்சு மொழி கற்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைக் கொண்டு இலங்கையில் டச்சு ஆட்சியைப் பற்றியும் சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றியும் எழுதியவர். துணி, மிளகு, அரிசி, யானை என்று கம்பெனி வாங்கி விற்ற சரக்குகளைத் தொடர்ந்துகொண்டே போனவருக்கு, அதே கணக்குகளில் மனிதர்களும் சரக்காக வந்து நின்றார்கள். 17ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகம் பற்றி 1990களில் அவர் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 2003-இல் மார்க்குஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர் அதே ஆவணங்களுக்குள் இன்னும் ஆழமாகப் போய், ஆண்டுவாரியாக எண்ணிக்கைகளைத் திரட்டி வெளியிட்டார். சோழமண்டல அடிமை ஏற்றுமதி பற்றி இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் பெரும்பாலும் அந்த உழைப்பிலிருந்து வந்தவை.

சரி, துணி வாங்க வந்த கம்பெனிக்கு மனிதர்கள் எதற்கு?

டச்சுக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. அதன் கண் இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு மீது இருந்தது. அந்தத் தீவுகளில் ஐரோப்பியப் பொருள்களுக்கு மதிப்பில்லை. அங்கே கேட்டதெல்லாம் சோழமண்டலத் துணி. சாயம் தோய்த்த, கட்டம் போட்ட, பூப்போட்ட பருத்தித் துணியைக் கொண்டுபோனால்தான் வாசனைப் பொருள் கிடைக்கும். சோழமண்டலக் கரை என்பது வாசனைப் பொருள் விளையும் மொலுக்கஸ் தீவுகளின் இடக்கை போன்றது, அந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வணிகமே செத்துவிடும் என்று 1612-இல் ஹெண்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி எழுதினார். பழவேற்காட்டில் 1610-இல் அனுமதி வாங்கி, 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்ததற்குக் காரணம் இந்தத் துணிதான்.

அப்புறம் 1621 வந்தது. ஜாதிக்காய் விளைந்த ஒரே இடமான பண்டா தீவுகளைக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போய்த் தாக்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகள் அவை. கொல்லப்பட்டவர்கள், பட்டினியில் இறந்தவர்கள், தப்பி ஓடியவர்கள், பிடித்துச் செல்லப்பட்டவர்கள் போக, மிகச் சிலரே மிஞ்சினார்கள். தீவு கம்பெனியின் கைக்கு வந்தது, ஜாதிக்காய் மரங்களும் வந்தன. பறிப்பதற்கு ஆள் இல்லை. 1619-இல்தான் கைப்பற்றியிருந்த பட்டாவியா நகரத்தைக் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. இன்றைய ஜகார்த்தாதான் அது. ஆக, ஒரு மக்கள்தொகையை அழித்துவிட்டு, அதன் இடத்தை நிரப்ப வேறொரு கரையிலிருந்து மனிதர்களை வாங்கத் தொடங்கியது கம்பெனி. அந்த வேறொரு கரையில் ஏற்கெனவே அதற்குக் கிடங்கும் கோட்டையும் தரகர்களும் கப்பல்களும் இருந்தன.

பண்டா அழிந்ததற்கு அடுத்த ஆண்டே பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் பெரிய அளவில் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். 1622–23-இல் மட்டும் சுமார் 1,900 பேர். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாமே என்று அங்கிருந்த அதிகாரிகள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இந்த ஒரு குறிப்பு எனக்கு மற்ற எண்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்கிறது. விற்பனைக்கு மனிதர்கள் குவிந்து கிடந்தார்கள். கம்பெனிக்கு இருந்த ஒரே தடை கையிருப்பு.

விங்க் காட்டுவது, இந்த ஏற்றுமதி சீரான ஓடையாக இல்லை என்பதை. சில ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றுமே இராது. பிறகு திடீரென்று பொங்கும். அந்தப் பொங்குதல் ஒவ்வொன்றும் ஒரு போரோடும் ஒரு பஞ்சத்தோடும் ஒட்டியிருக்கிறது. 1645-இல் தஞ்சை, செஞ்சி, மதுரை நாயக்கர்கள் விஜயநகர அரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். பீஜப்பூர் படைகள் தஞ்சை நாட்டுப்புறத்தைச் சூறையாடின. 1646-இல் 2,118 பேர் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் வரை போய் ஆள் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்தது 1659 முதல் 1661 வரை. இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றிலும் பெரியது இது. பீஜப்பூர் படைகள் திரும்பத் திரும்பத் தஞ்சைக்குள் வந்தன. விஜயராகவ நாயக்கரின் காலம். காவிரிப் படுகை வளமான மண், மழை பொய்த்தாலும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும். ஆனால் படை வந்தால் கதை வேறு. உழவு மாடு போய்விடும், பத்தாயத்து நெல் போய்விடும், விதைநெல்லும் போய்விடும். வாய்க்கால் வெட்ட, கரை கட்ட ஆள் நிற்கமாட்டார்கள். நாற்று விடும் பருவத்தில் ஊரே காட்டுக்குள் ஒளிந்திருந்தால் அடுத்த அறுவடை இல்லை. இது ஒரு தடவை நடந்தால் பஞ்சம், தொடர்ந்து மூன்று வருடம் நடந்தால் ஊர் காலியாகிவிடும். மக்கள் கடற்கரையை நோக்கி நடந்தார்கள். கடற்கரையில்தான் கடல்வழியாக வந்த அரிசி இருந்தது. அங்கேதான் கம்பெனியும் இருந்தது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, அங்கே டச்சுக்காரர்கள் அமர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அந்த மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற இடங்களிலுமாகக் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். சிறு பகுதி பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனது. பெரும்பகுதி இலங்கைக்கு. அதே 1658-இல் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்கு வந்து, தீவில் போர்த்துக்கீசியர் வசமிருந்த கடலோரம் முழுக்க அவர்களுடையதாகி இருந்தது. நீண்ட போரில் தென்மேற்கு இலங்கையின் வயல்கள் பாழாகிக் கிடந்தன. காவிரிப் படுகையில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களை விலைக்கு வாங்கி அந்த வயல்களில் இறக்குவது ரைக்லோஃப் வான் கூன்ஸ் போன்ற டச்சு அதிகாரிகளின் திட்டம். கோட்டை வேலைகளுக்கும் அவர்களைப் பயன்படுத்தினார்கள். பாக்கு நீரிணையின் ஒரு கரையில் பஞ்சத்தால் வெளியேறிய உழவர், மறுகரையில் அடிமையாக உழுதார்.

அதன் பிறகும் நிற்கவில்லை. 1673-இல் மதுரைச் சீமையில் வறட்சி தொடங்கியது. அதே ஆண்டு மதுரை சொக்கநாத நாயக்கர் தஞ்சையை வென்றார், பிறகு மராட்டிய ஏகோஜி அதைக் கைப்பற்றினார். இந்த இழுபறியில் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் போனார்கள். 1688 வாக்கில் விளைச்சல் கெட்டு, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட கிழக்குக் கரை நாட்டுக்குள் முகலாயப் படையும் இறங்கியபோது, தஞ்சைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நாகப்பட்டினம் வழியாகச் சுமத்ராவின் அச்சேவுக்கும் மலாய் நாட்டு ஜோகூருக்கும் விற்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகளும் சிறுவர்களும். விற்றுக் கொண்டுபோனவர்கள் ஆசிய வணிகர்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தக் கடலில் மனித வணிகம் இருந்தது, அவர்கள் இருந்தபோதும் மற்றவர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளூரிலும் அடிமைமுறை புதிதல்ல. திருப்பாம்புரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1201ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மூன்றாம் குலோத்துங்கன் காலம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கெட்ட காலத்தில், ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியை அது பதிவுசெய்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் கதை நமக்கெல்லாம் பக்திக் கதையாகத்தான் தெரியும். ஆனால் சேக்கிழார் அதில் ஒரு வழக்கையே நடத்திக் காட்டுகிறார். கிழ வேதியர் ஆளோலையை நீட்டுகிறார், சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார், அது படியோலைதான் என்று சொல்லி மூல ஓலை அவைக்கு வருகிறது, பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனைக் கட்டும் என்பது அந்த அவையில் யாருக்கும் வியப்பாக இல்லை. 12ஆம் நூற்றாண்டுக் கேட்பவர்களுக்கு அடிமை ஓலையும் அதன் நடைமுறையும் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். நிலத்தோடு கட்டுண்ட உழவர்கள், சாதியால் பிறவியிலேயே ஆளானவர்கள், கடனுக்குப் பிள்ளையை அடகு வைத்தவர்கள் என்று இந்த மண்ணிலேயே பல படிநிலைகள் இருந்தன. யாழ்ப்பாணத்து வழக்கங்களை 1707-இல் டச்சுக்காரர்கள் தேசவழமை என்று தொகுத்தபோது, கோவியர், நளவர், பள்ளர் என்று அடிமைகளைப் பற்றி அதில் தனிப்பகுதியே எழுத வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கம்பெனி புதிதாகச் செய்தது என்ன? என் பார்வையில், கேள்வியின் மையமே இங்கேதான் இருக்கிறது. “இங்கே ஏற்கெனவே இருந்ததுதானே, அவர்கள் வாங்கினார்கள், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை.

திருப்பாம்புரத்துத் தந்தையும் மகள்களும் விற்கப்பட்ட பிறகும் திருப்பாம்புரத்தில்தான் இருந்தார்கள். அவர்களுடைய மொழி பேசுகிறவர்கள் நடுவே, அவர்களுக்குத் தெரிந்த கோயிலில். அடிமை நிலை கொடியதுதான். ஆனாலும் அவர்களைச் சுற்றி ஓர் ஊர் இருந்தது. அவர்கள் யார், எந்தக் குடும்பம் என்று தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவருக்கு இது எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய கட்டு ஒரு குடும்பத்தோடோ நிலத்தோடோ கோயிலோடோ இருந்ததிலிருந்து பெயர்க்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கக்கூடிய, பட்டாவியாவில் ஒரு விலையும் தென்னாப்பிரிக்கத் தென்முனையான கேப்பில் ஒரு விலையும் உள்ள உடைமையாக மாற்றப்பட்டது. பஞ்சத்தில் கைவிடப்பட்ட ஒருவர் தற்காலிகமாக ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டு, நல்ல காலம் வந்ததும் ஊர் திரும்பும் வழி முன்பு இருந்தது. கப்பல் அந்த வழியை அடைத்துவிட்டது.

இந்த மாற்றத்தைச் செய்தது பெரும்பாலும் காகிதம். டச்சுக் கோட்டைகளில் அடிமை விற்பனை எழுத்தர் முன்னால் பதிவாகும். 18ஆம் நூற்றாண்டுக் கொச்சியிலிருந்து இப்படிப்பட்ட பத்திரங்கள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், விற்கப்படுபவரின் பெயர், வயது, சாதி, விலை. இவ்வளவுதான் அதில் இருக்கும். சட்டப்படி அடிமையானவரையே வாங்க வேண்டும், கடத்தி வந்தவர்களை வாங்கக் கூடாது என்பது விதி. கேட்க நியாயமான விதி போலத் தெரியும். நடைமுறையில் அது எப்படி இயங்கியது என்று யோசித்துப் பாருங்கள். எங்கோ பிடித்துவரப்பட்ட ஒரு பெண், மொழி தெரியாத ஓர் எழுத்தர் முன் நிற்கிறாள். தரகர் இவள் இன்னாருடைய அடிமை என்று சொல்கிறார். கையொப்பம் விழுகிறது. அதற்குப் பிறகு அவள் எப்படிப் பிடிக்கப்பட்டாள் என்ற கேள்வியை யாரும் எழுப்ப முடியாது, ஏனென்றால் பத்திரம் இருக்கிறது. அடுத்து வாங்குகிறவர் அந்தப் பத்திரத்தைத்தான் பார்ப்பார். கடத்தலைத் தடுக்க வந்த விதி, கடத்தி வந்தவர்களைச் சட்டபூர்வமாக்கிக் கொடுக்கும் கருவியாகவும் வேலை செய்தது.

டச்சுக்காரர்களை மட்டும் சொன்னால் நியாயமாகாது. சென்னையிலும் இதேதான். 1687-இல் பஞ்சம் கடுமையாக இருந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து செப்டம்பர் மாதத்தில் மட்டும் 665 அடிமைகளை ஆங்கிலேயர்கள் ஏற்றுமதி செய்தார்கள். எலைஹு யேல் ஆளுநராக இருந்த காலம் அது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் குறைந்தது பத்து அடிமைகளைக் கொண்டுபோக வேண்டும் என்று கோட்டைச் சபை உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே சபை அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சபை பதிவுசெய்த காரணங்கள் இரண்டு. அதன்மூலம் வரும் சுங்க வருமானம் இப்போது சொற்பம். தங்கள் பிள்ளைகளும் வேலையாட்களும் களவாடப்படுவதாக உள்நாட்டு அரசாங்கத்திடமிருந்து பெரிய புகார்கள் வருகின்றன. இந்த இரண்டாவது காரணம் முக்கியம். கோல்கொண்டா வீழ்ந்து முகலாயர்கள் கைக்கு நாடு வந்திருந்த நேரம். கரையிலிருந்த கம்பெனி உள்நாட்டு அரசைப் பகைத்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளைத் தொலைத்த பெற்றோர் சும்மா இருந்துவிடவில்லை, அதிகாரிகள் வரைக்கும் போய் முறையிட்டிருக்கிறார்கள் என்பதையும் இந்தத் தடை உத்தரவுதான் நமக்குச் சொல்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் விஷயத்தில் நமக்கு ஒரு தமிழ்ச் சாட்சியே இருக்கிறது. பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1743 ஜூன் மாதத்துப் பதிவில், ஆள் கடத்தும் ஒரு கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சுத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய மொரிஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளை வாங்கி அனுப்பும் வேலை அப்போது காரைக்காலை மையமாக வைத்து நடந்தது. விலைக்கு வாங்கியவர்களோடு கடத்தப்பட்டவர்களையும் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். கூலி வேலை தேடி வழியில் வருகிறவர்களை மடக்கி, வேலை தருகிறோம் என்று ஆசை காட்டுவது. வெற்றிலை பாக்கு கொடுத்து மயக்குவது. இரவோடு இரவாகப் பாண்டிச்சேரிக்குள் கொண்டுவந்து ஒரு வீட்டில் அடைப்பது. தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, ஒரு காலில் இரும்பு மாட்டுவது. பிறகு கப்பல்.

தலையை மழித்துக் கறுப்புத் துணி உடுத்தியது ஏன் என்று யோசிக்கும்போதுதான் அதன் கொடூரம் புரிகிறது. குடுமி, கட்டியிருக்கும் வேட்டியின் வகை, அணிந்திருக்கும் நகை என்று பார்த்த மாத்திரத்தில் ஒருவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த நிலை என்று சொல்லிவிடக்கூடிய சமூகம் அது. அந்த அடையாளங்களை வழித்துப் போட்டுவிட்டால், தெருவில் சொந்த அண்ணனே எதிரில் வந்தாலும் சட்டென்று அடையாளம் காண முடியாது. வாங்கிய அடிமையும் கடத்தப்பட்ட கூலியும் ஒரே மாதிரி தெரிவார்கள். பத்திரம் காகிதத்தில் செய்ததை இவர்கள் உடம்பிலேயே செய்தார்கள். பிள்ளையவர்கள் கம்பெனியோடு நெருங்கிய பெரிய வணிகர், பின்னாளில் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். அப்படிப்பட்டவரே இதை எழுதி வைக்க வேண்டிய சம்பவமாகக் கருதியிருக்கிறார்.

போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? பட்டாவியாவில் 1673-இல் எடுத்த கணக்கில் நகரத்தின் 27,068 பேரில் 13,278 பேர் அடிமைகள். ஏறக்குறைய பாதி நகரம். இந்தியாவிலிருந்து, முக்கியமாக வங்கத்திலிருந்தும் சோழமண்டலத்திலிருந்தும் போனவர்கள் அந்த நகரத்தின் தொடக்க காலத்தில் பெரும் பங்கு. விடுதலை பெற்றவர்கள் கிறித்தவர்களாகி, போர்த்துக்கீசிய மொழி பேசும் ‘மார்டைக்கர்’ என்ற சமூகமாகத் திரண்டார்கள். ஜகார்த்தாவின் வடபகுதியில் தூகு என்ற ஊரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள், பழைய தேவாலயமும் கெரோஞ்சோங் இசையும் அவர்கள் அடையாளம். கேப்பில் 1652 முதல் 1808 வரை இறக்கப்பட்ட அடிமைகள் 60,000-க்கு மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அங்கே இறங்கியதும் பழைய பெயர் போய்விடும். ஜனவரி, செப்டம்பர் என்று மாதத்தின் பெயரையோ, டைட்டஸ், க்யூபிட் என்று ரோமானியப் பெயரையோ வைத்து, பின்னால் ‘வங்கத்திலிருந்து’, ‘மலபாரிலிருந்து’, ‘கரையிலிருந்து’ என்று ஒட்டுவார்கள். ‘கரை’ என்றால் சோழமண்டலக் கரை. ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கு அவ்வளவுதான் தடயம். இலங்கையில் இறங்கியவர்கள் பற்றி இதைவிடவும் குறைவு. மொழியும் தோற்றமும் ஒன்றாக இருந்ததால் அவர்களில் பலர் அங்கிருந்த மக்களோடு கலந்துபோயிருக்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்குள் இதில் ஒரு நீண்ட கருத்து மோதல் உண்டு. இந்தியப் பெருங்கடல் அடிமைமுறை அட்லாண்டிக் போல அல்ல, வீட்டு வேலை சார்ந்தது, மென்மையானது என்று ஒரு பழைய கருத்து வெகுகாலம் நிலவியது. அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அதற்குப் பக்கத்தில் வைத்தால் இந்த எண்கள் சிறியவைதான். இந்தியப் பெருங்கடலில் 1500 முதல் 1850 வரை ஐரோப்பியர்கள் வாங்கி விற்றவர்கள் சுமார் ஐந்து லட்சம் என்பது ரிச்சர்ட் ஆலன் முன்வைக்கும் மதிப்பீட்டின் அளவு. வேறுபாடுகளும் உண்மை. இங்கே ஒரே திசையில் போகும் பாதை இல்லை. மடகாஸ்கரிலிருந்து கேப்புக்கு, வங்கத்திலிருந்து பட்டாவியாவுக்கு, பாலியிலிருந்து பண்டாவுக்கு, தஞ்சையிலிருந்து கொழும்புக்கு என்று வலைப்பின்னல் போல ஓடியது. அடிமைகளுக்கென்றே தனிக் கப்பல் எப்போதும் இல்லை, துணிமூட்டைகளோடும் அரிசியோடும் ஏற்றினார்கள்.

ஆனால் மென்மை என்பதை ஆவணங்கள் தாங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றும் மத்தியாஸ் வான் ரோசமும் அவருடைய சகாக்களும் கொச்சி நீதிமன்றப் பதிவுகளை எடுத்து வாசித்திருக்கிறார்கள். அதில் அடிமைகளே வாக்குமூலம் தருகிறார்கள். எப்படிப் பிடிக்கப்பட்டோம், யார் விற்றார்கள், ஏன் ஓடினோம் என்று. சவுக்கடி, சங்கிலி, தப்பியோடியவர்களுக்கான தண்டனை எல்லாம் அங்கே இருக்கின்றன. சாதிக் கட்டு, கடன் கட்டு, கம்பெனியின் சந்தை அடிமைமுறை ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாக வைத்துப் பேசுவது தவறு, ஒன்று இன்னொன்றுக்கு ஆள் சப்ளை செய்தது என்பது இந்த ஆய்வுகளின் வாதம். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது.

எண்கள் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி தன் பெயரில் வாங்கியதைத்தான் ஒழுங்காகக் கணக்கில் எழுதியது. அதிகாரிகளும் மாலுமிகளும் ஊர் வணிகர்களும் தங்கள் பெயரில் கொண்டுபோனது வேறு. 1688 வாக்கில் டச்சுக் குடியிருப்புகளில் கம்பெனிக்குச் சொந்தமான அடிமைகள் சுமார் 4,000, தனியாரையும் சேர்த்தால் 66,000 என்று விங்க் கணக்கிடுகிறார். 1694–96-இல் சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குள் தனியார் கொண்டுவந்தவர்கள் மட்டும் 3,859 பேர். கம்பெனியின் ஏற்றுமதிப் பட்டியலை மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு இந்தத் தனியார் கணக்கு கண்ணில் படாது.

டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் மொத்தம் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், அப்புறம் நம் சென்னை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கொச்சி, சோழமண்டல டச்சுப் பதிவுகள் இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பதுதான் பெரிய தடையாக இருந்தது. இப்போது நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டத்தில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினி கொண்டு அச்செழுத்தாக மாற்றி, இணையத்தில் சொல் போட்டுத் தேடும்படி செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதுவரை நடந்த ஆய்வில் டச்சுப் பக்கம்தான் அதிகம். தமிழ்ப் பக்கத்திலும் சான்றுகள் உண்டு. அடிமை ஓலைகள், கோயில் கல்வெட்டுகள், நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சை ஆவணங்கள், பாதிரிமார் கடிதங்கள். 1659-இல் நாகப்பட்டினத்துக்கு நடந்து வந்தவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து கிளம்பினார்கள், அந்த ஊர்களில் நிலம் பிறகு யார் கைக்குப் போனது, யார் திரும்பி வந்தார்கள் என்ற கேள்விகளுக்கு டச்சு ஏடுகளை மட்டும் வைத்து விடை காண முடியாது. இரண்டையும் ஒருசேரப் படிக்கக்கூடிய ஆள் தேவை. அரசரத்தினம் அப்படி ஒருவராக இருந்தார். தமிழும் டச்சும் தெரிந்த அடுத்த ஆய்வாளருக்கு எழும்பூரில் கட்டுக்கட்டாக வேலை காத்திருக்கிறது.